விண்கலக் கப்டன் மீது பொய்ப்பழி: பதிவேட்டில் எங்கே கை வைப்பார்கள், எங்கே அகப்படுவார்கள்?

உவர்மலை_எழுத்து:

வணக்கம். ஒரு விண்வெளிக் குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் விசாரணைப் பகுதிக்கு விஷயம் தெரிந்தவர்களின் உதவி வேண்டும்.

சரக்கு விண்கலம் ஒன்று, 38 பேர். கப்டன் எந்தக் கறையும் இல்லாமல் நீண்ட காலம் ஓடியவர். 90 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி ஒரு சிறு கலம் அபாய அழைப்பு விடுக்கிறது. யாரும் போகவில்லை, அதிலிருந்த நான்கு பேரும் இறக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துச் சரக்குக் கலத்தின் பதிவேடு வெளியே வருகிறது. "04:12:05 அபாய அழைப்பு கிடைத்தது. 04:12:10 கப்டன் பதில் அனுப்பினார். 04:20:00 பிரதான எஞ்சின் இயக்கம், பயணம் தொடர்கிறது." கேட்டும் கேளாதவர் போலப் போனவர் என்று எல்லோரும் அவரைத் தூற்றுகிறார்கள்.

உண்மையில் அந்த அழைப்பு அவருடைய கலத்துக்கு வந்து சேரவே இல்லை. அன்ரனா வேறு திசையில் திரும்பியிருந்தது. அதைத் திருப்பி வைக்க மறந்த தொடர்பு அதிகாரி தன் பிழையை மறைக்க முதல் இரண்டு வரிகளையும் பிறகு செருகிவிட்டார். எஞ்சின் வரி மட்டும் உண்மையானது.

விசாரணைச் சபையைத் திருகோணமலையில் கூட்டுகிறேன், ஏவுதளம் இங்கேதான் என்று வைத்திருப்பதால். எனக்குத் தெரிய வேண்டியவை: இப்படியான கலத்தில் என்னென்ன பதிவுகள் இருக்கும்? செருகிய வரி எப்படி அகப்படும்? கப்டனின் பெயரை எந்தச் சான்று மீட்கும்? தொடர்பு அதிகாரியை முட்டாளாகக் காட்ட விருப்பமில்லை. அவர் கெட்டிக்காரர், பயந்துபோனவர், அவ்வளவுதான்.

பிரிட்ஜ்_வோட்ச்:

அக்கா, கடல் கப்பலில் உள்ள நடைமுறையை அப்படியே மேலே தூக்கிப் போங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் சட்டம். கடலில் உயிர் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் 5ஆம் அத்தியாயம், 33ஆம் ஒழுங்குவிதி: கடலில் ஆட்கள் ஆபத்தில் இருப்பதாகத் தகவல் கிடைத்தால், உதவக்கூடிய நிலையில் உள்ள கப்டன் முழு வேகத்தில் போயே ஆக வேண்டும். போக முடியவில்லை என்றால், ஏன் போகவில்லை என்ற காரணத்தை லொக் புக்கில், அதாவது கப்பலின் பதிவேட்டில், எழுத வேண்டும். உங்கள் பதிவில் அழைப்பு இருக்கிறது, பதில் இருக்கிறது, காரணம் இல்லை. அனுபவப்பட்ட கப்டன் உண்மையில் போகாமல் விடத் தீர்மானித்திருந்தால் அந்தக் காரண வரியைத்தான் முதலில் எழுதுவார், தன்னைக் காக்கும் ஒரே வரி அதுதான். இது மட்டும் நிரூபணம் ஆகாது. ஆனால் விசாரணை அதிகாரிக்கு மூக்கில் வியர்க்க வேண்டிய இடம் இது.

அடுத்தது, கப்பலில் இருப்பது ஒரு பதிவேடு அல்ல. கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் டெக் லொக், இயக்க நேரங்களைக் குறிக்கும் பெல் புக், வானொலி லொக், மின்னணு வரைபடக் கருவியான எக்டிஸின் பதிவு எல்லாம் இருக்கும். எக்டிஸ் கடைசி 12 மணித்தியாலத்தை ஒரு நிமிட இடைவெளியில் வைத்திருக்கும், அதைத் திருத்த முடியாதபடி இருக்க வேண்டும் என்பது தரநிலை. கீழே எஞ்சின் அறையில் தனி லொக், தனி அலாம் பதிவு. எழுதும் கைகளும் வேறு, பூட்டும் வேறு. உங்கள் தொடர்பு அதிகாரிக்கு வானொலி லொக் எட்டும், எஞ்சின் அறைப் பதிவு எட்டாது. அபாய அழைப்பை உண்மையாகவே ஏற்றிருந்தால் பிரிட்ஜிலிருந்து எஞ்சின் அறைக்கு "தயார் நிலை" போயிருக்கும், உறங்கிக் கிடந்த பாதிப்பேரை எழுப்பியிருப்பார்கள். அந்த எட்டு நிமிடத்தில் எஞ்சின் அறைப் பதிவு வழமைபோல் இருந்தால், வானொலி லொக் தனித்து நிற்கிறது.

மூன்றாவது வீ.டி.ஆர், கப்பலின் கறுப்புப் பெட்டி. 2014 யூலை 1க்குப் பிறகு பொருத்தியவை நிலையான பெட்டியிலும் மிதக்கும் பெட்டியிலும் 48 மணித்தியாலம் வீதம், நீண்டகாலப் பதிவில் 30 நாள் வைத்திருக்க வேண்டும். பிரிட்ஜின் பேச்சு, வீ.எச்.எஃப் வானொலி உரையாடல், ரேடார் படம், வேகம், திசை எல்லாம் அதில். பிசகுவது எங்கே என்றால், நேரத்துக்குச் சேமிக்காவிட்டால் பழையதன் மேல் புதியது எழுதிக்கொண்டே போகும். உங்கள் கதையில் ஆறு மாதம் கழிந்துவிட்டது, ஆகவே அந்த ஓடியோ போய்விட்டது. தொடர்பு அதிகாரி 30 நாள் கழியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கை வைத்தார் என்று எழுதினால் அவர் கெட்டிக்காரர் என்பது வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும்.

இன்னொன்று. கடலில் வீ.எச்.எஃப் சனல் 70இல் இலக்கமுறை அபாய அழைப்பு வந்தால், பக்கத்துக் கப்பல் வழமையாகச் சனல் 16இல் குரலில்தான் பதில் சொல்லும். இலக்கமுறைப் பதிலைப் பொதுவாகக் கரை நிலையம் கொடுக்கும். செருகுபவர் நடைமுறையை மறந்து "தானியங்கிப் பதில் அனுப்பப்பட்டது" என்று போட்டால், தொழில் தெரிந்த எவரும் அந்த வரியில் நின்றுவிடுவார்.

பொய்ப் பதிவு என்பது கற்பனை அல்ல. கப்பல்களில் அதிகம் வழக்குக்குப் போவது எண்ணெய்ப் பதிவேடு. மணிக்கு 50 லீற்றர் எரிக்கக்கூடிய எரியூட்டி 6 மணித்தியாலத்தில் ஒரு கன மீற்றர் (1000 லீற்றர்) கழிவெண்ணெய் எரித்ததாக எழுதியிருப்பார்கள். கணக்குப் பார்த்தால் 300 லீற்றருக்கு மேல் முடியாது, மிச்சம் கடலுக்குள் போயிருக்கிறது. பதிவேடு ஒழுங்காக இருக்கும். தாங்கியை அளந்து எழுதிய சின்னக் கொப்பி எஞ்சின் அறை லாச்சிக்குள் கிடந்து காட்டிக் கொடுக்கும். பொய் எழுதுபவர் பெரிய புத்தகத்தைத் திருத்துவார், சின்னக் கொப்பியை மறந்துவிடுவார்.

கையெழுத்துப் பதிவும் கதையில் இருந்தால் வாயுவமுக்க நிரலைப் பயன்படுத்துங்கள். நம் திருகோணமலைக் கடல்போன்ற வெப்பவலயத்தில், புயல் இல்லாத நாளில், வாயுவமுக்கம் காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் கிட்ட உயர்ந்து, அதிகாலை 4க்கும் பின்னேரம் 4க்கும் கிட்ட இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் 2 முதல் 3 ஹெக்ரோபஸ்கால். ஒரே இருப்பில் ஒரு வார லொக்கைத் திரும்ப எழுதுபவர் 1010, 1010, 1010 என்று போட்டுக்கொண்டே போவார். விண்கலத்தில் இதற்கு இணையாக, நிழலுக்குள் போய் வரும்போது வெளிச்சுவரின் வெப்பநிலை ஏறி இறங்குவதை வைக்கலாம்.

ஹாஷ்_சங்கிலி:

மேலே அண்ணன் சொன்னதோடு கணினிப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

விசாரணைக் குழு முதலில் செய்ய வேண்டியது மூலத்தைத் தொடாமல் இருப்பது. சேமிப்பகத்தை, எழுத விடாத கருவி ஒன்றினூடாக இணைத்து, ஒவ்வொரு பிற்றையும் (தரவின் மிகச் சிறிய அலகு) நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஷா-256 ஹாஷ் போட்டு ஒப்பிட வேண்டும். ஹாஷ் என்பது தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற ஒரு குறியீடு. 64 எழுத்தும் இலக்கமும் ஒத்துப்போனால்தான் வேலை தொடங்கும். நகல் இரண்டு. ஒன்றை முத்திரையிட்டு வைக்க வேண்டும், மற்றதில்தான் ஆராய வேண்டும். யாராவது அவசரப்பட்டு மூலக் கணினியை இயக்கிப் பார்த்தால் நேர முத்திரைகள் மாறும், எதிர்த் தரப்புக்கு அது போதும்.

பிறகு வரிகளை இரண்டு விதமாக அடுக்க வேண்டும், நேரப்படி ஒரு முறை, தொடரிலக்கப்படி ஒரு முறை. உண்மையான பதிவில் இரண்டும் ஒன்றாகவே ஓடும். செருகிய வரிக்கு நேரம் 04:12 ஆக இருந்தாலும் தரவுத்தளம் அதற்குக் கொடுக்கும் உள் இலக்கம் செருகிய நாளில் இருந்த கடைசி இலக்கத்துக்கு அடுத்ததாக இருக்கும். உங்கள் அதிகாரி கெட்டிக்காரர் என்பதால் இதைச் சரிசெய்திருப்பார் என்றே வையுங்கள்: இலக்கங்களை இரண்டு இடம் தள்ளி அந்த அட்டவணையையே திரும்ப எழுதியிருப்பார். அப்போது வேறு அட்டவணைகள் பழைய இலக்கத்தையே சுட்டிக்கொண்டிருக்கும். 04:20 எஞ்சின் வரிக்கு எரிபொருள் அட்டவணையிலிருந்து ஒரு சுட்டி இருந்தால், அது இரண்டு வரி தள்ளி வேறு ஏதோ ஒன்றைக் காட்டும்.

எனக்கு மிகப் பிடித்த சான்று மணிக்கூடு. எந்தக் கருவியின் குவார்ட்ஸ் மணிக்கூடும் சற்று ஓடும் அல்லது பின்தங்கும். பத்து இலட்சத்துக்கு 20 பிழை என்றால் ஒரு நாளுக்கு 1.7 செக்கன். நான்கு நாள் நேரம் ஒப்பிடாமல் விட்ட வானொலிக் கருவி கிட்டத்தட்ட 7 செக்கன் தள்ளி நிற்கும். முன்வரி, பின்வரி எல்லாம் எஞ்சின் அறை நேரத்தோடு 7 செக்கன் வித்தியாசத்தில் இருக்க, நடுவில் இரண்டு வரி மட்டும் வித்தியாசமே இல்லாமல் சரியான நேரத்தில் இருந்தால், அவை அந்தக் கருவியில் பிறந்தவை அல்ல. மேசையிலிருந்து யாரோ தட்டியவை. ஜீ.பி.எஸ் நேரத்தையும் உலக நேரத்தையும் குழப்பினால் இதேபோல் 18 செக்கன் பிசகும். 2017 தொடக்கம் வித்தியாசம் அதுதான்.

நேர வலயமும் காட்டிக் கொடுக்கும். இலங்கை நேரம் 1996 மே மாதம் ஆறரை மணித்தியாலம் முன்னால் போனது, அதே ஒக்டோபரில் ஆறாகியது, 2006 ஏப்ரல் 15இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் ஐந்தரையே ஓடியது, ஆகவே திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு நேரம். 2001இல் எழுதியதாகச் சொல்லும் அரச பத்திரத்தில் உலக நேரமும் உள்ளூர் நேரமும் ஐந்தரை வித்தியாசத்தில் இருந்தால் அதைப் பிறகு எழுதியிருக்கிறார்கள். உங்கள் எதிர்காலக் கதைக்கும் இப்படி ஒரு நேர மாற்றத்தை நீங்களே உண்டாக்கலாம்.

தடுப்பது எப்படி என்று கேட்டால், ஒவ்வொரு வரியிலும் முந்தைய வரியின் ஹாஷைச் சேர்ப்பது. நடுவில் ஒரு எழுத்து மாறினாலும் அதற்குப் பிறகு வரும் எல்லாம் பொருந்தாமல் போகும். ஆனால் எழுதும் உரிமை உள்ளவர் முழுச் சங்கிலியையும் திரும்பக் கணக்கிட்டுவிடலாம், அதைப் பலர் மறக்கிறார்கள். அதனால் கடைசி ஹாஷை அடிக்கடி வெளியே, கை எட்டாத இடத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். 1995 தொடக்கம் ஒரு நிறுவனம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியில் வாரா வாரம் ஒரு ஹாஷ் அச்சிட்டு வந்தது. விற்றுப் போன பத்திரிகையை யாராலும் திருத்த முடியாது.

சீனக்குடா_டிஷ்:

ஏவுதளத்துக்குத் திருகோணமலை நல்ல தெரிவு. 8.5 பாகை வட அகலாங்கில் பூமியின் சுழற்சி செக்கனுக்கு ஏறத்தாழ 460 மீற்றர் வேகத்தை இலவசமாகக் கொடுக்கிறது. கிழக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் திறந்த வங்காள விரிகுடா, உடைந்து விழும் கட்டம் யார் தலையிலும் விழாது.

இனி உங்கள் வரிகள். 90 இலட்சம் கிலோமீற்றர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வானொலி அலை ஒளி வேகத்தில்தான் போகும், செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர். அந்தத் தூரத்தைக் கடக்க 30 செக்கன் வேண்டும். இறந்தவர்களின் கலத்திலிருந்து மீட்ட பதிவில் "அனுப்பியது 04:12:05" என்று இருக்கட்டும். தொடர்பு அதிகாரி அந்த நேரத்தையே பார்த்துக் "கிடைத்தது 04:12:05" என்று எழுதிவிட்டார். உண்மையில் வந்திருந்தால் 04:12:35க்கு முன் வந்திருக்கவே முடியாது. பதிவின்படி அழைப்பு போய்ச் சேர 25 செக்கன் இருக்கும்போதே கப்டன் பதில் சொல்லிவிட்டார். கெட்டிக்காரரும் இங்கே வழுக்குவார், ஏனென்றால் கலத்துக்குள் பேசிப் பழகியவருக்கு அந்த 30 செக்கன் கண்ணில் படாது.

இரண்டாவது அன்ரனா. ஒரு மீற்றர் டிஷ், 8.4 கிகாஹேர்ட்ஸ் என்றால் கற்றையின் அகலம் இரண்டரைப் பாகைதான். 40 பாகை தள்ளித் திரும்பியிருந்தால் தூரத்துக் கலத்தின் சிறு குரல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். வானொலி வாங்கிக் கருவி தன் சமிக்ஞை மட்டத்தை ஒவ்வொரு செக்கனும் தனியாகப் பதிவது வழமை. 04:12இல் செய்தி தெளிவாகக் கிடைத்ததாக லொக் சொல்ல, சமிக்ஞை மட்டம் வெறும் இரைச்சல் அளவிலேயே இருந்தால், அங்கே செய்தியே இல்லை. டிஷ்ஷைத் திருப்பும் மோட்டாரின் கோணப் பதிவும் அப்படியே. அவை பராமரிப்புத் தரவுக்குள் கிடக்கும், தொடர்பு லொக்கில் தேடினால் வராது.

மூன்றாவது பக்கற் எண்ணிக்கை, அதாவது கலம் அனுப்பும் தரவுத் துண்டுகளின் எண்ணிக்கை. இன்றைய விண்கலங்கள் பயன்படுத்தும் சர்வதேசத் தரத்தில் ஒவ்வொரு தரவுப் பக்கற்றுக்கும் 14 பிற் தொடரிலக்கம் உண்டு, 0 முதல் 16383 வரை ஓடித் திரும்பப் பூச்சியத்துக்கு வரும். கலத்தின் பிரதியில் இரண்டு பக்கற் கூடினால், அன்றே தரை நிலையம் வாங்கி வைத்த பிரதியோடு எண் பொருந்தாது. பூமியில் உள்ள பிரதிக்கு அதிகாரியின் கை எட்டாது.

எஞ்சின் வரி உண்மை என்றீர்கள், அதையும் சபை தனியாக உறுதிசெய்யட்டும். 8.4 கிகாஹேர்ட்ஸில் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகம் மாறினால் ஒருவழி டொப்ளர், அதாவது வேகத்தால் அலையின் அதிர்வெண்ணில் வரும் மாற்றம், 28 ஹேர்ட்ஸ் நகரும். செக்கனுக்கு 50 மீற்றர் மாற்றம் என்றால் 1400 ஹேர்ட்ஸ், தரை நிலையத்தின் பதிவில் பளிச்சென்று தெரியும். 400 தொன் கலம், வெளியேறும் வாயு வேகம் செக்கனுக்கு 3 கிலோமீற்றர் என்றால் அதற்கு 6.6 தொன் எரிபொருள் போயிருக்கும், தாங்கிக் கணக்கிலும் அது விழும். எஞ்சின் அறைப் பதிவையும் சேர்த்து இப்படி ஒரு வரிக்கு மூன்று சாட்சி நிற்க, மேலே உள்ள இரண்டு வரிக்கும் ஒருவரும் இல்லை. சபையில் அந்த வித்தியாசத்தைக் காட்டுங்கள்.

உவர்மலை_எழுத்து:

எல்லோருக்கும் நன்றி. 30 செக்கனை நான் நினைக்கவே இல்லை, கதையின் முடிச்சு அதுதான் என்று முடிவுசெய்துவிட்டேன். இன்னும் ஒன்று: இத்தனையும் வெளிவந்த பிறகும் "பதிவு நம்பத்தக்கதல்ல" என்று மட்டும் சபை சொன்னால் கப்டனின் மானம் திரும்புமா? சட்டப்படி இது எப்படி நடக்கும்?

நீதிமன்ற_வீதி:

நீங்கள் கேட்பதுதான் முக்கியமான கேள்வி. சான்றை ஒதுக்கிவிட்டால் வழக்கு விழும், பழி விழாது. "ஆதாரம் போதவில்லை" என்று வெளியே வந்தவரை ஊர் "தப்பித்துக்கொண்டார்" என்றுதான் சொல்லும். ஆகவே கப்டனின் சட்டத்தரணி விடுதலையோடு நிற்கக் கூடாது. அழைப்பு கலத்துக்குக் கிடைக்கவில்லை, அந்த வரிகள் பிறகு செருகப்பட்டவை என்ற இரண்டையும் சபை தீர்மானமாகவே எழுத வேண்டும் என்று கேட்க வேண்டும்.

இலங்கையில் கணினிச் சான்று இரண்டு சட்டங்களில் வருகிறது: 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம். முதலாவதன்படி கொண்டுவருபவர் விசாரணைத் திகதிக்கு 45 நாள் முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும், மற்றத் தரப்பு அந்தச் சான்றையும் அதை உண்டாக்கிய கருவியையும் பார்வையிடக் கேட்கலாம். கதைக்கு இந்தப் பார்வையிடும் உரிமை பெரிய வாசல். அச்சடித்த தாளை மட்டும் பார்த்து வாதாடினால் மேலே சொன்ன எதுவுமே கிடைக்காது. சட்டத்தரணி கருவியையே கேட்கட்டும், அன்ரனா மோட்டாரின் பராமரிப்புத் தரவையும் பெயர் சொல்லிக் கேட்கட்டும். அது கேட்டாலொழிய வராது.

நிபுணர் சாட்சிக்குச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. நிபுணர் தன் கருத்தோடு காரணத்தையும் சொல்ல வேண்டும்; "மென்பொருள் அப்படிக் காட்டியது" என்பது குறுக்கு விசாரணையில் நிற்காது. அந்த இடத்தில் 30 செக்கன் கணக்கை எந்த மென்பொருளும் இல்லாமல் சபைத் தலைவரே தாளில் போட்டுப் பார்க்கலாம். அதனால் வாதத்தை அதிலிருந்து தொடங்குங்கள். ஹாஷும் பக்கற் இலக்கமும் பின்னால் வரட்டும்.

கை மாறிய பட்டியலையும் விடாதீர்கள். சேமிப்பகத்தை யார் கழற்றினார், எந்த நேரம், எந்த முத்திரை இலக்கம், அடுத்து யாரிடம் கொடுத்தார் என்று ஒவ்வொரு கையும் ஒப்பமிட வேண்டும். நடுவில் ஒரு இரவு யாருடைய மேசையில் இருந்தது என்று தெரியாமல் போனால், திருத்தியது தொடர்பு அதிகாரி என்று சொல்லவும் முடியாமல் போகும்.

பிரிட்ஜ்_வோட்ச்:

தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பதிவேட்டை என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள் அக்கா. பொய் வரி என்று தெரிந்தாலும் அழிக்கக் கூடாது. லொக் புக்கில் பிழையான வரியை வாசிக்கக்கூடியபடி ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, ஒப்பமும் திகதியும் வைப்பதுதான் முறை. உங்கள் சபையும் இரண்டு வரிகளுக்கும் மேல் கோடிழுத்து, தீர்ப்பின் இலக்கத்தையும் "04:12:35இலும் அதற்குப் பிறகும் இக்கலத்துக்கு எந்த அழைப்பும் கிடைக்கவில்லை, அன்ரனா 40 பாகை விலகியிருந்தது" என்ற வாசகத்தையும் எழுதட்டும். அந்தப் பதிவேட்டை நாளைக்கு யார் திறந்தாலும் பழியும் மறுப்பும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

காட்சியை எழுதும்போது ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள்: அன்ரனா விலகியதை அலாம் ஏன் சொல்லவில்லை என்று வாசகர் கேட்பார். பராமரிப்பு வேலைக்காக முந்தைய வோட்ச்சில் (பணி முறையில்) அந்த அலாமை நிறுத்தி வைத்தார்கள், வோட்ச் மாறும்போது அது கையளிப்புத் தாளில் ஏறவில்லை என்று வைத்தால் பொருந்தும்.